நாள் மாறிய வரலாறு

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைக் குறித்துப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபொழுது, எதைப் பேசுவதென்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. சென்ற வருஷம் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவமே விஷயத்தை எடுத்துக்கொடுத்தது. காலஞ்சென்ற எங்கள் தந்தையாரின் திதியை என் தமையனார் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு நாளும், நான் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அதற்கு முந்திய நாளும் கொடுத்தோம். ஒரே தகப்பனாருக்கு, ஒரே தெருவில், இரண்டு வீடுகளில், இரண்டு நாள்! இரண்டில் எது மெய்யான நாளென்று எங்கள் தாயார் கேட்டபொழுது, இருவரும் தத்தம் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினோமேயன்றி, அவருடைய மனத்தைத் தேற்றத்தக்க வார்த்தை ஒன்றும் எங்களிருவர் வாயிலும் வரவில்லை.

அன்று முதல், நாளைப்பற்றிய வழக்குகளை மற்றத் தேசத்தார் எவ்விதம் தீர்த்துக்கொண்டார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். பெரிய பெரிய இராஜ்யங்களே எங்களைப்போல் மல்லுக்கட்டி நின்றன என்று கண்டபொழுது சற்று ஆறுதல் உண்டாயிற்று. அவை பட்ட பாட்டைக் கண்டபொழுது வெட்கமும் உண்டாயிற்று. அவ்வரலாற்றையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

பழைய கணக்கு இன்னதென்றும், அதில் நேர்ந்த பிழை இன்னதென்றும் முதலில் சொல்லவேண்டும். ரோமாபுரியில் ஜூலியஸ் ஸீஸர் அதிகாரம் செலுத்திய காலத்தில், அந்நகரத்து மாதங்கள் பருவங்களை விட்டு வெகு தூரம் விலகிப்போயிருந்தன. அவர் அலெக்ஸாந்திரியா நகரத்து ஸோஸிஜெனிஸ் என்னும் வானசாஸ்திரியின் யோசனையைக் கேட்டு, கி. மு. 46ஆம் வருஷத்தை 445 நாட்களுள்ளதாக நீட்டி, அதற்கடுத்த வருஷ முதல் புதிய ஏற்பாட்டை வழங்கச் செய்தார். அதன்படி வருஷத்துக்கு 365 நாள். 4 வருஷத்துக்கு ஒரு முறை 366 நாள். ஆகவே சராசரி வருஷம் 365¼ நாளாயிற்று. பருவங்களை நடத்தும் சூரிய வருஷமோ ஏறக்குறைய 365 நாள், 5 மணி, 48 நிமிஷம், 46 விநாடி அளவினதே. ஸீஸரின் கணக்கில் வருஷத்துக்கு 11 நிமிஷமும் சில விநாடிகளும் மிகுதி. பதினொரு நிமிஷம் என்ன செய்துவிடும் என்று எண்ணவேண்டாம். அது 128 வருஷத்துக்கு ஒரு நாளாகத் திரண்டது.

கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் பண்டிகையோ, மார்ச்சு மாதத்தில் இரவும் பகலும் ஒத்திருக்கும் நாளையும், அதன் பின் வரும் பௌர்ணமியையும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டு நிச்சயிக்கப்படுவது. கி. பி. 325ல் நைஸியா நகரில் அவர்களுடைய குருமார்கள் மகாசபை கூடிய காலத்தில், அந்தச் சமநாள் மார்ச்சு 21ஆம் தேதியை ஒட்டி நின்றது. பதினாறாம் நூற்றாண்டிலோ அது மார்ச்சு 11ஆம் தேதிக்கே வந்துவிட்டது. பண்டிகை தன் பருவத்தை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

இப்பிழைக்குப் பரிகாரம் கண்டவர் இத்தாலியின் தென்கோடியிலுள்ள காலாப்ரியா நாட்டு வைத்தியராகிய லூயீஜி லிலியோ என்பவர். அவர் 1576ல் இறந்துபோனார். அவருடைய யோசனையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் தலைசிறந்தவர் கிளேவியஸ் என்னும் ஜெர்மானிய கணித பண்டிதர். போப்பாண்டவராகிய 13ஆம் கிரகோரியார் 1582 பிப்ரவரி 24ஆம் தேதியிட்ட ஆக்ஞையால் அதை வெளியிட்டார். நூற்றாண்டு முடியும் வருஷங்களில் 400ஆல் வகுபடுவதற்கு மட்டும் 366 நாள் என்பதே புதிய விதி. ஆகையால் 1600க்கும் 2000க்கும் பிப்ரவரி 29 உண்டு. 1700, 1800, 1900 ஆகிய மூன்றுக்கும் இல்லை. இவ்விதியினால் பிழை வருஷத்துக்கு அரை நிமிஷத்துக்கும் குறைவாகச் சுருங்கியது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட 10 நாட்களை ஒரேயடியாய்க் கழிக்கும்பொருட்டு, 1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று ஏற்படுத்தினார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த 4ஆம் தேதி வியாழக்கிழமை. மறுநாளாகிய 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை. தேதியில் பத்துப் போயிற்று. கிழமையில் ஒன்றும் போகவில்லை. சந்தை கூடும் நாளும், கோயிலுக்குப் போகும் நாளும், வேலையாள் இளைப்பாறும் நாளும் இருந்தபடியே இருந்தன. ஜனங்களின் வாழ்க்கை கிழமையிலே ஓடுகிறது, தேதியிலே ஓடுவதில்லை என்பதை அப்பண்டிதர்கள் உணர்ந்திருந்தார்கள்போலும்!

ஸ்பெயின், போர்த்துகல், போலந்து, இத்தாலிய சமஸ்தானங்களிற் பல ஆகியவை குறித்த நாளிலேயே மாறின. பிரான்ஸ் அவ்வருஷ டிஸம்பரில் 9ஆம் தேதியினின்றும் 20ஆம் தேதிக்குத் தாவிற்று. ஆனால் போப்பாண்டவரின் அதிகாரத்தை உதறிய பிராடெஸ்டண்டு தேசங்களோ, "இது கணக்கு அன்று, கண்ணி" என்று அஞ்சி விலகின. இரு மதத்தாரும் கலந்து வாழ்ந்த ஆக்ஸ்பர்க் நகரில் நகரசபையார் புதுக் கணக்கை ஏற்றதனால் மூண்ட விரோதம் 1584ல் கலகமாகவே வெடித்தது. இங்கிலாந்தில் எலிஸபெத்து ராணியின் காலத்தில் ஜான் டீ என்னும் பண்டிதர் 1583ல் இத்திருத்தத்தை ஆதரித்து எழுதினார். அரசாங்கத்தாருக்கும் மனம் இருந்தது. அந்நாட்டு மேற்றிராணிமார் தடுத்துவிட்டார்கள். தடுத்தது ஒரு நாள் காரியம். அதன் பயன் 170 வருஷம் நீடித்தது.

சூரியனோ கத்தோலிக்கனுமல்லன், பிராடெஸ்டண்டுமல்லன். அவன் தன் வழியே போய்க்கொண்டிருந்தான். ஜெர்மனியிலிருந்த பிராடெஸ்டண்டு சமஸ்தானங்கள் 1700ல் பிப்ரவரி 18ஆம் தேதிக்கு மறுநாளை மார்ச்சு 1 என்று மாற்றிக்கொண்டன. அப்பொழுதும் அதைக் கிரகோரியாரின் கணக்கென்று சொல்ல மனம் வரவில்லை; "திருத்திய கணக்கு" என்று வேறு பெயரிட்டு, ஈஸ்டரை மட்டும் தாங்களே வானசாஸ்திர வழியாய்க் கணித்துக்கொண்டார்கள். அதனால் 1724லும் 1744லும் ஒரே தேசத்தில் இரண்டு ஈஸ்டர் வந்தது. அவர்கள் அந்த வித்தியாசத்தையும் விட்டுக்கொடுக்க 1775 வரை சென்றது.

ஸ்வீடன் தேசத்தார் செய்தது அதனினும் விசித்திரமானது. ஒரேயடியாய் நாட்களைக் கழித்தால் ஜனங்கள் மிரளுவார்கள் என்று, 1700 முதல் 40 வருஷ காலத்தில் பிப்ரவரி 29ஐ ஒவ்வொன்றாக விட்டுவிடத் தீர்மானித்தார்கள். 1700ல் ஒன்றை விட்டார்கள். பின்பு பெரும் யுத்தம் வந்தது. 1704லும் 1708லும் விட மறந்தார்கள். ஆகவே அவர்கள் தேதி பழைய கணக்குக்கு ஒரு நாள் முந்தியும், புதிய கணக்குக்குப் பத்து நாள் பிந்தியும், இரண்டிலும் சேராமல் நின்றது. முடிவில் பழைய கணக்குக்கே திரும்பும்பொருட்டு 1712ல் பிப்ரவரி மாதத்துக்கு 30 நாள் கொடுத்தார்கள். மெய்யாக மாறியது 1753ல். அரைமனத்துடன் துவங்கிய சீர்திருத்தம் துவங்காததினும் அதிகக் குழப்பம் விளைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டா.

இக்குழப்பம் நம் கரையையும் தொட்டது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் புதிய கணக்கை எழுதினர். ஆங்கிலேயர் சென்னைக் கோட்டையில் பழைய கணக்கை எழுதினர். 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள் அல்லவா? தோற்றவர் ஏட்டில் அந்நாள் செப்டம்பர் 10. வென்றவர் ஏட்டில் அதே நாள் செப்டம்பர் 21. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவர்கள் தம் நாட்குறிப்பில் தமிழ் மாதத் தேதியோடு பிரெஞ்சுக்காரரின் தேதியையும் சேர்த்தே எழுதிவந்தார். அவர் காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒரே சூரியோதயத்துக்கு மூன்று தேதி வழங்கிற்று என்க.

நிற்க. இங்கிலாந்து மாறிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். ஏனெனில் நாம் கற்கவேண்டியது அதில் மிகுதி. செஸ்டர்பீல்டு பிரபு 1751ல் பார்லிமெண்டில் மசோதாவைக் கொண்டுவந்தார். மாக்கிள்ஸ்பீல்டு பிரபு, பிராட்லி என்னும் வானசாஸ்திரி ஆகியவர்கள் கணிதத்துக்குத் துணை நின்றார்கள். அதுவரையில் அந்நாட்டுச் சட்டப்படி வருஷம் பிறப்பது மார்ச்சு 25. ஸ்காட்லாந்திலோ 1600 முதல் ஜனவரி 1. ஒரே அரசருக்குக் கீழ்ப்பட்ட இரண்டு நாடுகளில் இரண்டு புத்தாண்டு! புதுச் சட்டம் புத்தாண்டை எங்கும் ஜனவரி 1 ஆக்கிற்று. 1752 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாளைச் செப்டம்பர் 14 ஆக்கிற்று. ஆசியாவிலுள்ள ஆங்கிலேயரின் இடங்களையும் அது கட்டுப்படுத்தியதனால், சென்னைக் கோட்டையின் கணக்கேடுகளுக்கும் அதுவே விதியாயிற்று.

அச்சட்டத்தில் நான் பெரிதும் மெச்சுவது ஒன்று உண்டு. 11 நாள் போயிற்றென்று சொல்லிக் குத்தகைக்காரனிடம் 11 நாள் முன்னதாகவே குத்தகையை வசூலிக்கக் கூடாது. கடன்காரனின் கெடுவைச் சுருக்கக் கூடாது. மைனர் மேஜராகும் காலத்தையும் முன்தள்ளக் கூடாது. எல்லாம் இயற்கையான நாள் கணக்குப்படியே நிறைவேறவேண்டும் என்று அதில் விதித்திருந்தார்கள். அதனால்தான் இன்றும் அந்நாட்டில் வரி வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி துவங்குகிறது. பழைய மார்ச்சு 25 நகர்ந்து நகர்ந்து அங்கே வந்து நிற்கிறது.

"எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஜனங்கள் கூவிக் கலகம் செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஹோகார்த்து என்னும் சித்திரக்காரர் 1755ஐ ஒட்டித் தீட்டிய தேர்தல் படம் ஒன்றில் அப்பொருள்பட எழுதிய பலகை காணப்படுவது மெய். கலகம் நடந்ததற்கோ தக்க ஆதாரம் இல்லையென்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் ஜனங்களின் மனத்தில் சங்கடம் இல்லாமற் போகவில்லை. பக்கிங்ஹாம்ஷயரில் குவெயின்டன் என்னும் கிராமத்தில், கிறிஸ்துமஸ் இரவில் பூக்குமென்று நம்பப்பட்ட ஒரு முட்செடி இருந்தது. 1752ல் புதுக் கணக்கின்படி வந்த கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், அது பூக்கிறதா என்று பார்க்க ஜனங்கள் விளக்கெடுத்துக்கொண்டு கூடினார்களாம். செடி பூக்கவில்லை. ஆகவே அது மெய்யான பண்டிகை அன்று என்று பலர் தீர்மானித்தார்கள். இதைக் கேட்டு நகைப்பது எளிது. நான் நகைக்கமாட்டேன். தங்கள் இரட்சகர் பிறந்த நாளைத் தவறவிட்டோமோ என்று விளக்கேந்தி நின்ற அவர்களுடைய முகத்தில் எங்கள் தாயாரின் முகத்தையே காண்கிறேன்.

இதற்கு நேர் மாறானது பிரான்ஸில் புரட்சிக்காரர் செய்த காரியம். அவர்கள் 1793ல் பழைய மாதங்களை மட்டுமல்ல, வாரத்தையே நீக்கிவிட்டு, பத்து நாளுக்கு ஒரு பகுப்பு என்று வைத்தார்கள். கணக்குக்கு அது மிகவும் ஒழுங்கானதே. ஆனால் ஏழு நாளுக்கொரு முறை இளைப்பாறிய வேலையாளுக்குப் பத்து நாளுக்கொரு முறையே ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும் இடமில்லை. ஜனங்கள் அதை மனத்தார ஏற்கவில்லை. நெப்போலியன் 1806 ஜனவரி 1 முதல் பழையபடி கிரகோரியாரின் கணக்கையே மீட்டார்.

இனி கீழ்த்திசைக்கு வருவோம். ஜப்பானியர் வழங்கியது சந்திர மாதங்களை ஒட்டிய கணக்கு. சில வருஷங்களில் அதிக மாதம் ஒன்று வரும். மெய்ஜி சக்கரவர்த்தியின் 5ஆம் வருஷம் 11ஆம் மாதம் 9ஆம் தேதி திடீரென்று ஓர் உத்தரவு பிறந்தது. வருகிற 12ஆம் மாதம் 3ஆம் தேதியே 1873 ஜனவரி 1 ஆகும் என்பது அதன் சாரம். இடையில் இருந்தது 23 நாளே! அடுத்த வருஷத்துக்கு அச்சடித்து வைத்திருந்த பஞ்சாங்கங்களெல்லாம் வியாபாரிகள் கையில் குப்பையாயின. இவ்வளவு அவசரம் ஏன்? பழைய கணக்கின்படி அடுத்த வருஷத்தில் 13 மாதம். உத்தியோகஸ்தர்களுக்கு மாதச் சம்பளம் ஏற்பட்டுவிட்டபடியால் 13 சம்பளம் கொடுக்கவேண்டும். மாற்றிவிட்டால் அது மிச்சம். இரண்டே நாளில் முடிந்த 12ஆம் மாதச் சம்பளமும் மிச்சம். அக்காலத்து மந்திரிகளுள் ஒருவராகிய ஓக்குமா அவர்களே பிற்காலத்தில் இதை வெளிப்படையாய் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவசரத்தில் 400 வருஷ விதியையும் சேர்க்காமல் விட்டார்கள். 1898ல் வேறோர் உத்தரவால் திருத்தினார்கள். ஆயினும் புக்குஸாவா என்னும் அறிஞர் உடனே ஒரு சிறு நூல் எழுதி, சூரிய வருஷத்தையும் கிழமைகளையும் எளிய நடையில் சாமானிய ஜனங்களுக்கு விளக்கினார். அரசாங்கம் கட்டளை இட்டது. அறிவு ஊட்டியவர் அவரே.

சம்பளத்துக்கும் நாட்கணக்குக்கும் உள்ள இச்சம்பந்தம் பழங்கதையன்று. சவுதி அரேபிய அரசாங்கம் 2016 அக்டோபர் முதல் உத்தியோகஸ்தர் சம்பளத்தைப் பிறை மாதக் கணக்கினின்றும் சூரிய மாதக் கணக்குக்கு மாற்றிற்று. பிறை வருஷம் ஏறக்குறைய 11 நாள் குறைவானது; ஆகவே சம்பளம் பெறுவோருக்கு வருஷத்தில் அத்தனை நாள் நஷ்டம்.

சீனாவில் 1912ல் குடியரசு பிறந்ததும் ஸன் யாட் ஸென் புதிய கணக்கை ஏற்றார். பின்வந்த அரசாங்கத்தார் 1920களின் கடைசியில் பழைய புத்தாண்டுக் கொண்டாட்டத்தையே ஒழிக்க முயன்றார்கள், முடியவில்லை. இன்று அது வசந்த விழா என்னும் பெயரால் அத்தேசத்தின் பெரிய விடுமுறையாக இருக்கிறது.

ருஷ்யா 1918 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. அதனால்தான் அக்டோபர்ப் புரட்சியை நவம்பர் 7ல் கொண்டாடினார்கள். லெனின் கையொப்பமிட்ட உத்தரவின்படி 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆயிற்று. அந்த உத்தரவிலும் இரண்டு நல்ல ஏற்பாடுகள் உண்டு. இல்லாமற்போன 13 நாட்களில் தீரவேண்டிய கடன் கெடுக்களுக்கு 13 நாள் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஜூலை 1 வரையில் புதிய தேதியின் பக்கத்திலேயே பழைய தேதியையும் எழுதவேண்டும் என்பது மற்றொன்று. ஆயினும் ருஷ்யத் திருச்சபை பழைய கணக்கை விடவில்லை. இன்றும் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7ல் வருகிறது. கிரீஸ் தேசத்தில் அரசாங்கம் 1923லும், திருச்சபை 1924லும் மாறின. மாறாதவர்கள் பிரிந்து தனிச் சபையாய் இன்றளவும் நிற்கிறார்கள். உக்ரேன் நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 2023ல்தான் நிலையான பண்டிகைகளைப் புதிய கணக்குக்கு மாற்றிற்று. 1582ல் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய எத்தனை காலம் பிடித்தது, பாருங்கள்!

நம் தேசத்தின் நிலை யாது? சுதந்திரம் பெற்றபின் 1952ல், மேகநாத ஸாஹா என்னும் விஞ்ஞானியின் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டி ஒன்று அமைந்தது. தேசத்தில் சுமார் 30 வகைக் காலக்கணக்குகள் வழங்குவதை அது கண்டது. நம் சூரிய வருஷம் நட்சத்திரங்களை ஒட்டியது. ஆதலின் அது பருவத்தினின்றும் 60, 70 வருஷத்துக்கு ஒரு நாளாக விலகுகிறது. மார்ச்சு 21ஐ ஒட்டிய சமநாளுக்கு உரிய புத்தாண்டு ஏப்ரல் 14ல் வருவது இதனாலேயே. இதைத் திருத்தி அமைத்த தேசியக் காலக்கணக்கு 1957 மார்ச்சு 22ல் அமலுக்கு வந்தது. அரசாங்க கெஜட்டில் அந்தத் தேதி அச்சாகிறது. ஆனால் நம் வீட்டுக் கல்யாணமும் காதுகுத்தும் திதியும் பழைய பஞ்சாங்கங்களிலேயே நடக்கின்றன.

சகோதரர்களே! இவ்வரலாறுகளினின்றும் நான் கண்டது இதுவே. கணிதம் சரியா என்பது பண்டிதர்கள் தீர்க்கவேண்டியது; அதைச் சொன்னவன் வேற்றாளென்று தள்ளியவர்கள் நூறு, இருநூறு வருஷம் குழம்பினார்கள். ஆனால் கணிதம் சரியாயிருந்தது மட்டும் எங்கும் போதவில்லை. ஏழைக் குடியானவனின் குத்தகை, வேலையாளின் கூலி, கும்பிடுகிறவனின் திருநாள் ஆகிய மூன்றையும் கருதி, முன்னறிவிப்பும் கொடுத்து, பழையதையும் புதியதையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தவர்களின் மாறுதலே தழும்பில்லாமல் ஆறிற்று.

எங்கள் வீட்டுக் காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆகாயத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதமே சரியென்று நான் இன்றும் நம்புகிறேன். முற்காலத்து வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் பஞ்சாங்கம் திதிக்குச் சில நாழிகை வேறுபடுவது கண்கூடு. ஆனால் சென்ற வருஷம் நான் என் தமையனாருக்கு ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லவில்லை. கணக்கு என் பக்கம் இருந்தது. முறை என் பக்கம் இல்லை. ஆகையால் இவ்வருஷம் அண்ணா குறிக்கும் நாளில் அவர் வீட்டிலேயே போய் உட்காருவதென்று தீர்மானித்திருக்கிறேன். அன்று மாலை, தாயார் பக்கத்தில் இருக்க, இரண்டு பஞ்சாங்கங்களையும் அவர் முன்னிலையில் விரித்து வைத்து, அடுத்த வருஷத்துத் திதியை இருவருமாகக் கூடிக் குறிக்கவேண்டும் என்பது என் ஆசை. ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஜப்பானியருக்குக் கிடைத்த 23 நாளைவிட அது அதிகமே!